உள்ளான் கிளம்பிய நாள்

தூத்துக்குடி உப்பளங்களில் பறவை பார்க்கப் போகிற கூட்டத்துக்கு ஒரு குருநாதர் உண்டு. குருநாதர் என்றதும் தாடியும் தண்டமும் தேட வேண்டாம். பெயர் ஜெனோவா. பல் டாக்டரம்மா. வயது நாற்பதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு தொப்பியை மாட்டிக்கொண்டு வரப்பில் ஏறிவிடுவார்.

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதாக அவருக்குச் சரித்திரம் கிடையாது. ஒருமுறை புதிதாக வந்த ஒருவர், அபூர்வமான பறவைகளை அடையாளம் காண்பது எப்படி என்று கேட்டார்.

"காக்கா கழுத்து என்ன நிறம் சார்?" என்றார் ஜெனோவா.

"கறுப்பு."

ஜெனோவா பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். அந்த மனிதர் மறுவாரம் வந்தபோது, "சாம்பல்" என்று சொல்லிவிட்டுத்தான் வணக்கமே சொன்னார். அதிலிருந்து எல்லோரும் கேலியாகக் குருநாதர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். போகப் போக அதில் கேலி குறைந்துவிட்டது.

இந்தக் குருவுக்கு ஒரு சீடர் வாய்த்தார். பாத்திரக்கடை ஐகோர்ட்துரை அண்ணாச்சி. குருவைவிடச் சீடருக்கு வயது ரொம்பக் கூடுதல். மனைவி செல்வக்கனி இறந்த வருஷம், கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காக வந்தவர். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தால் கண் கூரைக்குத்தான் போகும் என்பதால், ஜெனோவா தன் கிளினிக் கூரையில் ஒரு பறவைப் படத்தை ஒட்டி வைத்திருந்தார். பல் போனதும், பாதி மரத்துப்போன வாயோடு அண்ணாச்சி கேட்டார்:

"அது என்ன கோழி?"

"கோழி இல்ல அண்ணாச்சி, உள்ளான். சைபீரியாவுலருந்து நம்ம உப்பளத்துக்கு வருது. ஞாயித்துக்கெழம வாங்க, காட்டுதேன்."

அண்ணாச்சி போனார். உள்ளங்கையில் அடங்குகிற உருவம். நுனி வளைந்த கறுப்பு மூக்கு. கூட்டம் கூட்டமாகச் சேற்றைக் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தது. அதன் ஊர் எவ்வளவு தூரம் என்று ஜெனோவா சொன்னதும் அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பாத்திரத்தைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுகிற மனிதர் அவர். இத்தனூண்டு கனத்தில் அத்தனை தூரம் எப்படி அடங்கியது என்று வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டே இருந்தார்.

மற்றவர்கள் பறவையின் பெயரைக் கேட்பார்கள், படம் எடுப்பார்கள். அண்ணாச்சி கேட்டது எப்போதும் ஒரே கேள்விதான்.

"இது எப்பம் கிளம்பும் டாக்டரம்மா?"

குளிர் தேசத்துக்காரர்களுக்கு வசந்தம் என்றால் பறவைகள் வந்து இறங்குகிற காலம். நமக்கு அது வழியனுப்புகிற காலம். பங்குனி போய்ச் சித்திரை பிறந்து, தெற்கேயிருந்து சோழகக் காற்று விழுந்துவிட்டால், உள்ளான்கள் மூட்டை கட்டிவிடும். எந்த நாள், எந்த நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் வருஷம் அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் சேறுதான் இருந்தது. அடுத்த வருஷம் இருட்டும்வரை காவல் இருந்தார். விடிந்து வந்து பார்த்தால் அப்போதும் சேறுதான்.

"சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டானுவளே," என்றார். விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தாலும் முகம் அப்படி இல்லை.

இது மூன்றாவது வருஷம். இதை விட்டால் விட்டதுதான். கடை கைமாறிவிட்டது. சித்திரைக் கடைசியில் பெங்களூரிலிருந்து மகன் வந்து கையோடு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அங்கே போனால் அண்ணாச்சிக்குச் சொந்தமாகச் சமையல்கூட இருக்காது.

அதனால் மாசி மாதமே தினமும் வர ஆரம்பித்தார். மடக்கு நாற்காலி ஒன்று, தூக்குச்சட்டியில் இட்லி, பழைய பிளாஸ்க்கில் டீ. கிளினிக்கைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஜெனோவாவும் மாலையில் வந்துவிடுவார். வந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"இன்னைக்கு மார்பு என்ன நிறம் அண்ணாச்சி?"

"நான் கிளம்புற நாளைக் கேக்கேன், நீங்க நிறத்தைக் கேக்கீங்க."

"பாத்துச் சொல்லுங்க."

அண்ணாச்சி பைனாகுலரை எடுப்பார். "அலுமினியம்," என்பார்.

மறுநாளும் அலுமினியம். அதற்கு மறுநாளும். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று ஜெனோவா தனக்கு வேலை கொடுக்கிறார் என்றே அண்ணாச்சி நினைத்தார். பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் பைனாகுலரை இறக்காமல் நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுல மட்டும் துரு விழுந்த மாதிரி இருக்கு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்திரக்காரன்கிட்டயா கேக்கீங்க?"

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் நிறம் ஏறியது. துரு பரவியது. விளக்காத பித்தளை என்றார் ஒரு நாள். புளி போட்டுத் தேய்க்காத செம்பு என்றார் இன்னொரு நாள். நெடுவழிக்குச் சேர்த்துவைக்கிற கொழுப்பில் உடம்பும் பூரித்துக்கொண்டே வந்தது. சேற்றில் மூக்கை விட்டால் எடுக்கிற பேச்சே இல்லை. அண்ணாச்சிக்கு அவற்றின் பசியைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் கேள்வி மட்டும் மாறவில்லை.

சித்திரை பாதியைத் தாண்டியது. மகன் போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோழகம் நன்றாக வீசியது. கூட்டம் கிளம்புவதுபோல் கத்தும், மறுபடி குனிந்து தின்னும். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. ஜெனோவா காரிலிருந்து இறங்கி வரப்பில் நடந்து வருவது தெரிந்தும், தூக்குச்சட்டி மூடியைக் கழற்றிக் கரண்டியால் ஓங்கித் தட்டினார்.

பாத்திரச் சத்தம் உப்பளம் முழுவதும் கேட்டது. கூட்டம் மொத்தமும் எழும்பியது. அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். சிவப்பும் வெள்ளையுமாகத் திரும்பித் திரும்பி வானத்தில் சுற்றின. சுற்றிவிட்டு இரண்டு பாத்தி தள்ளி இறங்கின. இறங்கியதும் தின்னவில்லை. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றன.

ஜெனோவா கிட்டே வந்தார். தூக்குச்சட்டியை எடுத்தார். வரப்போரம் படுத்துக் கிடந்த உப்பள நாய்க்கு முன்னால் இட்லி அத்தனையையும் கொட்டினார். நாய் இரண்டு முறை யோசிக்கவில்லை.

"என்ன டாக்டரம்மா இது? மத்தியானமும் சாப்பிடல. ரோட்டுக்கு நடக்கதுக்குள்ள எனக்குக் காலு மடங்கிரும்."

"அதுகளும் அதத்தான் சொல்லுது," என்றார் ஜெனோவா.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் ஒட்டி நின்ற பறவைகளைப் பார்த்தார். வெட்கம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவிலிருந்து யாரிடமும் சொல்லாத பேச்சு வெளியே வந்தது.

"ஒரு நாள் கனி மாவு பெசஞ்சுக்கிட்டிருந்தா. வளையல் தானாக் கழண்டு மாவுக்குள்ள விழுந்துச்சு. மெலிஞ்சிட்டேன் பாருங்கன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். அது நோவுன்னு அப்பம் எங்களுக்குத் தெரியாது. பெறகு ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சோம். தல வாரி விடுறதும் நான்தான், ரசஞ்சோறு ஊட்டுறதும் நான்தான். கடைக்குக்கூட ஒழுங்காப் போகல."

ஜெனோவா வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் காலைல, சூடா ஒரு வாய் டீ வேணும்னு கேட்டா. பிளாஸ்க்க எடுத்துக்கிட்டுக் கீழ கேன்டீனுக்குப் போனேன். கூட்டம். மேல வந்தா நர்ஸம்மா வாசல்ல நிக்காங்க. இப்பத்தான்னு சொன்னாங்க. அவ போவையில நான் வரிசையில நின்னுக்கிட்டிருந்திருக்கேன் டாக்டரம்மா."

காலடியில் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார். அதே பிளாஸ்க்தான். விதவிதமாக விற்ற மனிதர், வேறொன்றை எடுக்கவில்லை.

"ஒரு உசுரு கிளம்புறத, கூட நின்னு ஒரு தடவையாவது பாத்திரணும். அது உள்ளானா இருந்தா என்ன?"

ஜெனோவா கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

"நாளைக்கு வாங்க," என்றார்.

சனிக்கிழமை அண்ணாச்சி மத்தியானமே வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் தட்டிய தட்டுக்குப் பயந்து பறவைகள் போயிருக்கும் என்று நினைத்திருந்தார். போகவில்லை. பழைய பாத்தியிலேயே தின்றுகொண்டிருந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவர் சத்தமாக இருமக்கூட இல்லை.

ஜெனோவா வந்ததும் வழக்கம்போலக் கேட்டார். "மார்பு?"

"தேய்ச்சுக் கவுத்துன செம்புக்குடம்," என்றார் அண்ணாச்சி. குரலில் பெருமை. அவரே வளர்த்தது மாதிரி. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நிற்பது உப்பிலும் சேற்றிலும், தலைக்கு மேலே கொளுத்துகிற சித்திரை வெயில். அதற்கு நடுவே அத்தனை சிறிய உடம்புகளில் அப்படி ஒரு சிவப்பு. பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

வெயில் சாய்ந்தது. காற்று முதுகைத் தள்ளியது. கூட்டத்தில் கத்தல் கூடிக்கொண்டே போனது. சில பறவைகள் எழும்பும், தலைக்கு மேலே சுற்றும், மற்றவை வரவில்லை என்று கண்டு திரும்ப இறங்கும். அண்ணாச்சி கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது. துடைத்தால் அந்த நேரத்தில் போய்விடுமோ என்று துடைக்கவும் இல்லை.

ஜெனோவாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. டம்ளரை நீட்டினார்.

"டீ இருக்கா அண்ணாச்சி? தொண்ட வறண்டு போச்சு."

"இப்பமா?"

"கொஞ்சம் ஊத்துங்க. நீங்களும் குடிங்க. காலைலருந்து பச்சத்தண்ணி பல்லுல படலேன்னு முகமே சொல்லுது."

கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாத கை அது. அண்ணாச்சி குனிந்து பிளாஸ்க்கைத் திருகினார். மூடி இறுகியிருந்தது. திறந்தது. சிந்தாமல் இருக்க ஜெனோவா டம்ளரைக் கிட்டே கொண்டுபோனார். இரண்டு பேர் கண்ணும் டம்ளரில் இருந்தன.

சத்தம் மாறியது.

இருவரும் நிமிர்ந்தபோது பாத்தி காலியாகக் கிடந்தது. வானத்தில், அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்கும் மேலே, ஒரு கோடு வடக்குப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. சாய்ந்த வெயில் பட்டுக் கோடு முழுவதும் சிவந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கோடு நூலானது. நூலும் போனது.

அண்ணாச்சி பிளாஸ்க்கும் கையுமாக நின்றார்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. டீ சிந்திருமேன்னு உங்க கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"போன வருஷம்? அதுக்கு முந்தி?"

"காலேஜ்ல படிக்கையிலருந்து வாரேன். தரையை விட்டு எழும்புறத ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

அண்ணாச்சிக்கு இது புதுச் செய்தி. குருநாதருக்குத் தெரியாத ஒன்று இருக்கும் என்றே அவர் நினைத்ததில்லை. அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலியான சேற்றைப் பார்த்தபடி, பழைய கேள்வியையே வேறு மாதிரி கேட்டார்.

"அப்பம் எப்பந்தான் கிளம்புச்சு டாக்டரம்மா?"

ஜெனோவா அவர் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கித் தன் டம்ளரை நிரப்பினார். மூடியில் அவருக்கும் ஊற்றினார்.

"மாசி மாசம் மார்பு என்ன நிறம்னு சொன்னீங்க?"

"அலுமினியம்."

"பெறகு?"

"ஒண்ணுல துரு விழுந்துச்சு."

"அன்னைக்குத்தான் கிளம்புச்சு."

அண்ணாச்சி திரும்பி அவரைப் பார்த்தார். உதட்டுக்குக் கொண்டுபோனவர் குடிக்காமல் இறக்கினார். யாரிடமோ கேட்பதுபோல் கேட்டார்.

"வளையல் மாவுக்குள்ள விழுந்துச்சே. அன்னைக்கா?"

"அன்னைலருந்து கூடயேதான இருந்தீங்க அண்ணாச்சி," என்றார் ஜெனோவா.