பூட்டின அறைக்குள் அடித்த மணி

மில்லுக்காரரின் கருமாதிக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்த நேரம், அவருடைய தம்பி மகன் குணசீலனின் செல்போன் அடித்தது. திரையில் பெரியவரின் அறை டெலிபோன் நம்பர். அந்த அறையோ அவர் செத்த அன்றைக்கே பூட்டினது.

குணசீலன் ஸ்பீக்கரைப் போட்டான். "சமையக்காரி பொன்னுத்தாயிக்கு நான் குடுத்த வீட்டைப் பிடுங்கு" என்றது பெரியவரின் கரகரத்த குரல். கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"கேட்டியா? இன்னிக்கே காலி பண்ணு" என்றான் அவன், கூட்டத்தோடு நின்ற பொன்னுத்தாயிடம்.

அந்த வீட்டை விட்டால் பொன்னுத்தாய்க்குப் போக்கிடம் கிடையாது. ஸ்பீக்கரில் குரல் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவள் தன் செல்லில் அதே நம்பரைப் போட்டாள். பூட்டின அறைக்குள்ளிருந்து டெலிபோன் மணி அடித்தது.

"பெரியவர் அந்த லைன்லதான் பேசுறாருன்னா எனக்கு எங்கேஜ்னுல்ல வரணும், சின்னவரே? மணி எப்படி அடிக்குது? இன்டர்நெட் போன்ல, கூப்பிடுற ஆளு எந்த நம்பரைப் போட்டுவிட்டாலும் அதையே காட்டுமாமே! பழைய லைன்ல எக்ஸ்சேஞ்சுதான் நம்பர் சொல்லும், அங்க இந்த வேஷம் நடக்காதுங்க."

ஸ்பீக்கரில் குரல் பாதியிலேயே அறுந்துபோனது. எல்லோரும் குணசீலனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது அறைக்குள் அடித்துக்கொண்டிருந்த மணி நின்றது. யாரோ ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது.

பொன்னுத்தாய் செல்லைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அதைக் குணசீலனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க சின்னவரே, பெரியவர் எடுத்துட்டாரு. உங்களைத்தான் கேக்குறாரு."