முதல் லோடு

"சாமி, மனசு ஒரு இடத்துல நிக்கமாட்டீங்குதுங்க."

இதைச் சொன்னபோது செங்கோடனின் காலும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒரு செருப்பைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

சாமி என்று அவன் கூப்பிட்டது ஒரு பெண்ணை. சங்ககிரி மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டு, வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த துறவி. வயதில் அவனைவிட ரொம்ப இளையவர். அதனால் அவர் அவனை அண்ணா என்பார், அவன் அவரைச் சாமி என்பான். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

"தியானம் ஏதாச்சும் சொல்லிக் குடுங்க சாமி. கண்ணை மூடுனா தூக்கமே வர்றதில்லீங்க."

அவர் அவனைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார். அங்கே ஒரு புது பிக்கப் வண்டி நின்றது. பால் வெள்ளை. முன்னால் பூசை போட்ட மாலை வாடித் தொங்கியது.

"வண்டி எப்ப எடுத்தீங்கண்ணா?"

"ஒரு மாசம் இருக்குமுங்க. தறியை வித்துட்டு எடுத்தனுங்க."

"என்ன லோடு ஏத்துனீங்க?"

"இன்னும் ஒண்ணும் ஏத்தலீங்க. லைனர் பதிச்சாத்தானுங்களே ஏத்த முடியும்?"

சாமான் ஏற்றும் தொட்டிக்குள் கீறல் படாமல் இருக்க ஒரு கறுப்பு பிளாஸ்டிக் உறை பதிப்பார்கள். அதுதான் லைனர். ஒரு மாதமாகச் செங்கோடன் அதைப் பற்றி மட்டுமே பேசினான். அவன் வாயைத் திறந்தால் மனைவி எழுந்து போய்விடும் அளவுக்குப் பேசினான்.

"அப்ப பதிச்சுட்டு வாங்க."

"தியானமுங்க?"

"மொதல்ல லைனரைப் பதிங்க."

அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. வண்டிக் கதவை அடித்துச் சாத்தினான். உடனே புது வண்டி என்று ஞாபகம் வந்து கதவைத் தடவிக் கொடுத்தான்.

வழியில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். அது அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தான்.

கடையில் லைனர் பதிப்பவர் தொட்டிக்குள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"கழுவித் தொடைச்சுட்டுத்தான் பதிக்கோணும். பிசுபிசுன்னு கெடக்குது."

"கழுவாதீங்க. பூசை போட்டப்ப தெளிச்ச பஞ்சாமிர்தமுங்க அது. குங்குமம், தேங்காத்தண்ணி எல்லாம் அப்படியே இருக்குது. அதுதான் வண்டிக்குக் காவல்."

"அடியில எதையும் வச்சு மூடக்கூடாதுங்கண்ணா."

"இது சாமி சமாச்சாரம். நீங்க மேல பதிங்க."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். உறையை இறக்கி, சக்கர மேடுகளில் அழுத்தி உட்கார வைத்து, ஓரமெல்லாம் திருகாணி முடுக்கினார். அச்சாகப் பொருந்திவிட்டது. செங்கோடன் கையால் தட்டிப் பார்த்தான், தொம் தொம்மென்றது. அவனுக்குப் பரம சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் வீடு வந்து சேரும்வரை தாங்கியது. வண்டியை நிறுத்தியதும் மனசு பழையபடி பறக்கத் தொடங்கிவிட்டது.

அடுத்த வாரம் மறுபடி கொட்டகைக்கு வந்தான்.

"பதிச்சுட்டனுங்க சாமி. மனசு மட்டும் அப்படியேதானுங்க இருக்குது."

"லோடு?"

"பின்கதவுக்குன்னு தனியா ஒரு உறை வருதாமுங்க. அதையும் போட்டுட்டா..."

சாமி எழுந்து போய் வண்டியில் ஏறினார். கறுப்பு உறைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து ஓரத்தை மோந்து பார்த்தார்.

"கழட்டுங்கண்ணா."

"என்னத்தைங்க?"

"லைனரை."

குருமார்கள் இப்படித்தான் சோதிப்பார்கள் என்று அவன் எங்கோ கேள்விப்பட்டிருந்தான். முணுமுணுத்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினான். உறையைத் தூக்கி மண்ணில் இறக்கினான்.

அடியில் எறும்பு. தளம் முழுக்க எறும்பு. பஞ்சாமிர்தம் காய்ந்த இடத்தில் அப்பிக் கிடந்தன. வெயில் பட்டதும் தறிகெட்டு ஓடின, திருகாணி ஓட்டைக்குள் நுழைந்தன, வெளியே வந்தன, ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"மேல இருந்து பாத்தா எவ்வளவு அமைதியா இருந்துச்சு," என்றார் சாமி.

அப்போது போன் அடித்தது. செங்கோடன் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"யாருங்கண்ணா?"

"பொண்ணுங்க. சுகந்தி."

"எடுக்கலையா?"

"அப்புறமேட்டுக்குப் பேசிக்குவனுங்க."

"என்ன வேணுமாம்?"

அவன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். பிறகு சொல்லிவிட்டான். சுகந்தியைப் பெருந்துறையில் கட்டிக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை வேறொருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். மாமியார் வீட்டில் அவளைக் கண்டுகொள்ள ஆளில்லை. அவளும் பொறுத்துப் பார்த்துவிட்டு, சீராகக் கொண்டுபோன கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் முன்னறையில் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பஸ் ஏறி வந்தால் ஓடிப்போனவள் என்பார்கள், நீங்களே வந்து கூட்டிக்கொண்டு போங்கள் அப்பா என்கிறாள்.

"நீங்க என்ன சொன்னீங்கண்ணா?"

"லைனர் பதிச்சுட்டு வர்றேன்னு சொன்னனுங்க."

சாமி சிரிக்கவில்லை.

"பதிச்சுட்டீங்களே."

"புது வண்டிங்க சாமி," என்றான் செங்கோடன். குரல் உயர்ந்துவிட்டது. "முதல் லோடு மஞ்சளோ அரிசியோ நல்லதா ஏத்தோணுமுங்க. கட்டிக் குடுத்த பொண்ணோட சீரையா முதல் லோடா ஏத்தறது? அன்னைக்கு மேளத்தோட அனுப்பி வச்ச கட்டிலை, இன்னைக்கு அதே தெருவுக்குள்ள எப்படிங்க திருப்பிக் கொண்டாறது? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

சொல்லி முடித்ததும் தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. சாமி ஏதாவது திட்டினால் தேவலை என்று தோன்றியது.

அவர் திட்டவில்லை. இறங்கிச் சமையல் பக்கம் போனார். மந்திரித்த கயிறு ஏதோ கொண்டுவரப் போகிறார் என்று செங்கோடன் காத்திருந்தான்.

"அண்ணா, இங்க வந்து ஒரு கை புடிங்க."

அம்மிக்கல். இருவரும் மூச்சு வாங்கத் தூக்கி வந்து தொட்டியின் விளிம்பில் வைத்தார்கள். செங்கோடன் கையை எடுப்பதற்குள் சாமி ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். கிர்ரென்று பெயிண்டை உரித்துக்கொண்டு அம்மி முன்கோடிவரை போய் நின்றது.

செங்கோடன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவர் ஏறிப்போய் அதைத் திரும்பவும் விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்திலேயே இன்னொரு கீறல் விழுந்தது.

"எறக்குங்கண்ணா."

இறக்கினார்கள். பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள்.

"தெனமும் சோத்துக்கு அரைக்கற கல்லு," என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார் சாமி. "நல்ல லோடுதானுங்களே?"

அவன் வண்டிக்கு ஓடினான். எச்சில் தொட்டுக் கீறலைத் தேய்த்தான், போகவில்லை. வேட்டி நுனியால் தேய்த்தான், அப்போதும் போகவில்லை. இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று சண்டைக்குத் திரும்பினான்.

சாமி உள்ளே மிளகாய் அரைக்க உட்கார்ந்துவிட்டார்.

போன் மறுபடி அடித்தது.

எடுக்காமலிருக்க ஒரு காரணம் தேடினான். லைனர், பின்கதவு உறை, முதல் லோடு. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எதுவும் மிச்சமில்லை. எடுத்தான்.

"ஏனுங்கப்பா," என்றாள் சுகந்தி. எடுப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போல, அவசரமாகப் பேசினாள். "லைனர் இன்னும் வரலீன்னா பரவால்லீங்கப்பா. கல்யாணத்துக்கு வாங்குன பவானி ஜமுக்காளம் ரெண்டு எடுத்து வச்சிருக்கறேன். அதைக் கீழ விரிச்சுட்டு மேல பீரோவை வச்சுக்கலாம். உங்க வண்டியில ஒரு கீறல் கூடப் படாது."

செங்கோடன் தொட்டியைப் பார்த்தான். எறும்புகள் கீறல்களைத் தாண்டிக் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.

"அப்பா? இருக்கறீங்களா?"

"கீறல் பட்டுப்போச்சு கண்ணு," என்றான். "வந்துட்டிருக்கறேன்."