அறுபத்து நான்காவது சரக்கு

முன்னொரு காலத்தில் வேம்பனூர்ச் சீமையை மகரகேது என்றொரு ராசா ஆண்டு வந்தார். ஆண்ட நேரத்தைவிடச் சாப்பிட்ட நேரம்தான் அதிகம். வயிறு சும்மா இருக்குமா? புண்ணாகி எரியத் தொடங்கியது.

அரண்மனை வைத்தியர் திருமலைநாதர் தினமும் ஒரு லேகியம் கிண்டிக் கொடுத்தார். பத்தே நாளில் எரிச்சல் அடங்கியது. மனம் குளிர்ந்த ராசா அவருக்கு ஒரு பல்லக்கைப் பரிசளித்தார்.

கோட்டை வாசலில் கீரை விற்ற வடிவாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோட்டைக்குள் இருந்த வைத்தியர் வீட்டுச் சமையல்காரர் தினமும் அவளிடம்தான் இரண்டு கூடை மணத்தக்காளி வாங்கிப் போவார். "ராசா வயித்தை ஆத்தினது என் கீரையாக்கும்" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். சேதி வைத்தியர் காதுக்கு எட்டியது. அவளைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"இந்தக் கீரைக்காரி என் வைத்தியத்தையே பழிக்கிறாள், மகாராசா. இவளை ஊரைவிட்டுத் துரத்த வேண்டும்" என்றார் வைத்தியர்.

இந்த ஊரை விட்டால் வடிவாச்சிக்குப் போக்கிடம் கிடையாது. ஆனாலும் கேட்டாள்: "ஐயா, லேகியத்துல என்னென்ன சேருதுன்னு சபையில சொல்லுங்களேன்."

வைத்தியர் தங்க பஸ்பம், முத்து பஸ்பம், குங்குமப்பூ என்று அறுபத்து மூன்று சரக்குகளை அடுக்கினார். கீரையின் பெயரைச் சொன்னால் பல்லக்கின் பவிசு என்ன ஆவது?

"அவ்வளவுதானா ஐயா?"

"அவ்வளவுதான்."

"அப்படின்னா மகாராசா, ஒரு வாரத்துக்குக் கோட்டைக்குள்ள மணத்தக்காளி நுழையக் கூடாதுன்னு உத்தரவு போடுங்க. லேகியம் எப்பவும்போல கேட்டா, நானே மூட்டை கட்டிக்கிறேன்."

ராசா உத்தரவு போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான்காம் நாள் வைத்தியர் தங்கத்தை இரட்டிப்பாக்கினார், எரிச்சலும் இரட்டிப்பானது. ஐந்தாம் நாள் காலையில் வெளியே போய்த் திரும்பிய அவருடைய பல்லக்கை வாசல் காவலர்கள் நிறுத்திச் சோதித்தார்கள். மெத்தைக்கு அடியில் பச்சைப்பசேலென்று இரண்டு கட்டு மணத்தக்காளி இருந்தது.

"இது எத்தனையாவது சரக்கு, வைத்தியரே?" என்று வயிற்றைப் பிடித்தபடியே ராசா சிரித்தார்.

"அறுபத்து நான்காவது, மகாராசா" என்றார் அவர், தரையைப் பார்த்து.

ராசா வடிவாச்சியிடம் திரும்பினார். "அப்படி என்னதான் இருக்கிறது அந்த இலைக்குள்ளே?"

"அது எனக்குத் தெரியாதுங்க. கேக்குதுன்னு மட்டும் தெரியும்."

"தெரியாததைத் தெரியாதென்று சொல்ல இந்தச் சபைக்கு ஒருத்தியாவது வந்தாளே" என்று மகிழ்ந்த ராசா, பல்லக்கை அவளுக்கே கொடுத்தார்.

"நான் ஏறி உக்காந்தா கீரையை எங்கே வைக்கிறது?" என்றாள் வடிவாச்சி.

அன்று முதல் தினமும் காலையில் கீரை பல்லக்கில் அரண்மனைக்குப் போனது. அதற்கு முன்னால், "மணத்தக்காளி வருது, வழி விடுங்க" என்று கூவிக்கொண்டே வைத்தியர் நடந்து போனார்.