கொட்டாமல் விட்ட மருந்து

வெற்றுத் தோட்டாக் கூடுகளில் வெடிமருந்தும் ஈயக் குண்டும் அடைத்துத் தருவது மாடத்தியின் தொழில். பன்றி வேட்டைக்கு உரிமம் வாங்கிய மலையடிவாரத்துக்காரர்கள் எல்லாரும் அவள் பட்டறைக்குத்தான் வருவார்கள். கொம்பையா அவளிடம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு மீசை நரைத்திருந்தது. அவள் இளையவள்தான். இருந்தாலும் அவர் ‘தாயி’ என்பார், அவள் ‘அண்ணே’ என்பாள்.

சேர்ந்த அன்றைக்கே கேட்டார். “தாயி, சுடுறதெல்லாம் ஒரே இடத்துல விழ என்ன வழி?”

“எல்லாத்துக்கும் ஒரே அளவு மருந்து.”

“அவ்வளவுதானா?”

“பாதியில எழுந்திரிச்சா, போட்டதை எல்லாம் கொட்டிட்டு மறுபடி முதல்ல இருந்து போடணும்.”

முதலில் சொன்னதை மனுஷன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அடுத்ததைக் காதில் போட்டுக்கொண்டாரா என்றால், அங்கேதான் கோளாறு.

ஒருநாள் சம்பந்தி சடையப்பர் தோட்டா கேட்டு ஆள் அனுப்பினார். கொம்பையா மகளைக் கொடுத்த இடம் அது. முள்ளுக்காட்டில் நீளத் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும் என்று சடையப்பர் கைத்துப்பாக்கியோடுதான் பன்றிக்குப் போவார். சம்பந்தி தன் கைவேலையைக் கேட்டுவிட்டார் என்றதும் கொம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மாடத்தி ஈயம் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். கொம்பையா ஆறு பித்தளைக் கூடுகளை வரிசையாக நிறுத்தினார். தராசில் ஒரு துணுக்கு கூடினால் எடுத்தார், குறைந்தால் சேர்த்தார். அப்படி ஒரு சுத்தமான அளவு அதற்குமுன் அவருக்குக் கைகூடியதே இல்லை. பாதி போட்டிருப்பார், வாசலில் சம்பந்தியின் குரல்!

எழுந்து ஓடினார். வாங்க என்றார், உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். திரும்பி வந்து கூடுகளைப் பார்த்தார். இவ்வளவு பாடுபட்டு அளந்து போட்டதைக் கொட்டவா? மனசு வரவில்லை. விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து போட்டு, ஈயத்தை வைத்து இறுக்கிக் கொடுத்தார். சடையப்பர் அப்படியே காட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் சோற்றில் கை வைத்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. விட்ட இடம் மூன்றாவது கூடா, நான்காவதா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

சந்தையிலிருந்து வந்த மாடத்தியிடம் பொத்தாம்பொதுவாகக் கேட்டார். “தாயி, ஒரே கூட்டுல ரெண்டு தடவை மருந்து விழுந்துட்டா என்ன ஆகும்?”

அவள் பரணிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிரித்தார். கைத்துப்பாக்கியில் தோட்டா செருகும் உருளை, பாதிதான் இருந்தது. மற்ற பாதி பிய்ந்து போயிருந்தது.

“இது எங்க வீட்டுக்காரர் கையில இருந்தது” என்றாள்.

“அவருக்கு என்ன ஆச்சு?”

“மீதிப் பாதியை அவர் முகத்துல இருந்து எடுத்தாங்க.”

கொம்பையா நடந்ததைச் சொன்னார். “அநேகமா சரியாத்தான் போட்டிருப்பேன் தாயி.”

“அநேகமாவா?”

அவர் எழுந்து ஓடினார்.

முள்ளுக்காட்டில் நுழைந்ததும் நின்று காதைத் தீட்டினார். எந்த நிமிஷமும் வெடிச்சத்தம் கேட்கும். கத்தலாமா? கத்தினால் பன்றி மிரண்டு சம்பந்தி மேலேயே பாயும். சும்மா போனாலோ, புதர் அசைவதைப் பார்த்துச் சம்பந்தி இவரையே சுட்டுவிடுவார். மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. கத்திக்கொண்டே ஓடினார்.

ஒரு வளைவில் சடையப்பர் தென்பட்டார். மண்டியிட்டுத் துப்பாக்கியை நீட்டியிருந்தார். அவருக்கு எதிரே ஒற்றைப் பன்றி. சத்தம் வந்த பக்கம் அது திரும்பி, கொம்பையாவை நோக்கிப் பாய்ந்தது. அவரைக் காப்பாற்றச் சடையப்பர் குறியைத் திருப்பினார்.

“சுடாதீங்க! ஐயோ, சுடாதீங்க சம்பந்தி!”

சடையப்பர் திகைத்துப்போய் விரலை எடுத்தார். பன்றி கொம்பையாவின் கெண்டைக்காலைக் கிழித்துத் தள்ளிவிட்டுப் புதருக்குள் மறைந்தது.

“உமக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” சடையப்பர் தலைத்துண்டைக் கிழித்துக் காலில் கட்டினார்.

“தோட்டாவை எடுத்துருங்க. ஒண்ணுல மருந்து ரெட்டிச்சிருக்கலாம்.”

“இருக்கலாமா? நிச்சயமாத் தெரியாதா?”

“தெரியாது.”

“தெரியாமலா சாகப் பார்த்தீர்?”

“தெரியாததாலதான் சம்பந்தி.”

சடையப்பர் ஆறையும் உருவி அவர் மடியில் போட்டார். தோளில் தாங்கிப் பட்டறைவரை கொண்டுவந்து விட்டார். “இனி உம்ம கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். கொம்பையாவுக்குக் கால்வலியை விட அதுதான் அதிகம் வலித்தது.

மாடத்தி காயத்தைக் கழுவிப் பச்சிலை வைத்துக் கட்டினாள். பிறகு ஆறு தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். குறட்டால் ஒவ்வொன்றாக ஈயத்தைப் பிடுங்கினாள். ஒவ்வொரு கூட்டையும் உள்ளே பார்த்தாள். பார்த்துவிட்டு மருந்தை அண்டாத் தண்ணீரில் கொட்டினாள்.

கொம்பையா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். ஆறாவதும் தண்ணீருக்குள் போனது.

“ரெட்டிச்சது இருந்துச்சா தாயி?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க தாயி. கால் போச்சு, சம்பந்தி உறவும் போச்சு. அது எதுக்குன்னாவது தெரிய வேண்டாமா?”

மாடத்தி அவர் பக்கம் திரும்பினாள்.

“இருந்துச்சுன்னு சொன்னா, ஓடினதை நினைச்சுப் பெருமைப்படுவீங்க அண்ணே. இல்லேன்னு சொன்னா, அடுத்த தடவை ஓட மாட்டீங்க.”