மதிலுக்கு அந்தப் பக்கம் போன ஆடு

உலகப் போர்க் காலம். பாரசீகத்தில் ஹமதான் ஊருக்குள் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து குந்திக்கொண்டது. கோதுமை லாரி லாரியாகப் பட்டாளத்துக்குப் போனது. ஊராருக்கு மரத்தூள் கலந்த ரொட்டி. மஹ்ரூவுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. அவளுடைய கைக்குழந்தையை உயிரோடு வைத்திருந்தது கொல்லையில் நின்ற ஒரே ஒரு வெள்ளாடு.

வீட்டைச் சோதனை போட வந்த துரை, "நல்ல ஆடு" என்றான். மஹ்ரூவின் புருஷன் நுஸ்ரத் மார்பில் கைவைத்து, "உங்களுடையதுதான்" என்றான். அது அந்த ஊர் மரியாதை. வந்தவர் எதைப் புகழ்ந்தாலும் அப்படிச் சொல்ல வேண்டும். "உங்களிடமே இருக்கட்டும்" என்று அவர் மறுக்க வேண்டும். துரைக்கு அதெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்? தேங்க் யூ சொல்லி ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

"கயித்தை அவிழ்த்தானே, அப்போ உங்க வாய் எங்கே போச்சு?" என்றாள் மஹ்ரூ. "மரியாதை உங்களுக்கு, பட்டினி என் பிள்ளைக்கா?"

நேரே முகாமுக்குப் போனாள். டப்பாப் பால் அடுக்குக்கு முன்னால் துரை உட்கார்ந்திருந்தான். மொழிபெயர்ப்பாளனிடம், "அது எங்க ஆடே இல்லை. பக்கத்து வீட்டு விதவை குல்சூமோடது. அடுத்தவள் பொருளை என் புருஷன் எப்படிக் கொடுப்பார்?" என்றாள்.

துரை குல்சூமை வரவழைத்தான். பொய் என்று தெரிந்தால் இருவருக்கும் சிறை என்றான். குல்சூம் மஹ்ரூவின் முகத்தைப் பார்த்தாள்.

"என் ஆடுதான்."

ஆடு குல்சூம் வீட்டுக்கு வந்தது. பொழுது சாய்வதற்குள் மஹ்ரூ போய் நின்றாள்.

"ஆடு இங்கேதான் நிக்கணும், கானும்," என்றாள் குல்சூம். அம்மா என்பதற்கு அந்த ஊரில் கானும் என்பார்கள். " உங்க வீட்டுல சிப்பாய் பார்த்தா ரெண்டு பேருக்கும் ஜெயில்."

"பாலையாவது கொடு."

குல்சூமின் மடியில் அவள் மகன், எலும்பும் தோலுமாக. "இவனுக்கே காணாது, கானும். என் ஆடுன்னு சொன்னது நீங்கதானே? என் தலையை அடகு வச்சுத்தானே மீட்டீங்க?" தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

அந்தப் பால் ஒரு பிள்ளையைத்தான் காப்பாற்றும். பங்கு போட்டால் இரண்டும் போய்விடும். சொல்லுங்கள், பால் எந்தப் பிள்ளைக்கு?

விடை: மஹ்ரூவின் பிள்ளைக்கு. ஆட்டை மீட்கச் சொன்ன பொய், ஆட்டைக் கைமாற்றிவிடாது. குல்சூமுக்கும் அது தெரியும்; இல்லாவிட்டால் நிமிர்ந்து பேசியிருப்பாள். ஆனால் தீர்ப்புச் சொல்லியாயிற்று என்று கையை உதறிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். இந்தத் தீர்ப்பில் சாகப்போவது அவள் மகன். முகாமில் துரையின் முதுகுக்குப் பின்னால் டப்பாப் பால் கூரை முட்ட அடுக்கியிருந்தது. அதில் ஒரு டப்பா கேட்கலாம் என்று அந்த இரண்டு தாய்மாருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கும்தான்.