தாய்மாமன் முகத்தைத் தூக்கிப்போட்ட மவுஸ்

கணினி மவுஸ்களுக்கெல்லாம் வால் இருந்த அந்தக் காலத்தில், ஒரு மேசையில் இருக்கும் மவுஸ் அந்த மேசைக் கணினியை மட்டும்தான் ஓட்டும். வயரைப் பிடித்துக்கொண்டே போனால் எது எதற்குச் சொந்தம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதனால் ஒரு மவுஸை வைத்து யாரும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை.

கள்ளிமேட்டில் பவுன்தாய் என்ற பெண் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சுற்றுவட்டாரத்துக்கு அங்கேதான் பேனர் அடிப்பார்கள். கடையில் டிசைன் செய்பவர்கள் இரண்டு பேர். ஒருவன் தவசி, ஏழு வருடமாக இருப்பவன். இன்னொருத்தி மெர்லின், வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, ஆனால் கை வேகம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ப்ளைவுட் தடுப்பு. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது, மவுஸைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள் பவுன்தாய் இரண்டு புது மவுஸ் வாங்கி வந்தார். வால் இல்லை. பேட்டரி மாற்ற வேண்டாம், செல்போன் மாதிரி சார்ஜ் போட்டால் போதும். இரண்டும் கறுப்பு.

அன்று மெர்லினுக்கு லீவு. தவசிதான் பிரித்து மாட்டினான். தன் மவுஸின் அடிவயிற்றில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதற்குள் நகத்தளவு ரிசீவர். அதை எடுத்துக் கணினியில் சொருகினான், ஓடியது. மெர்லின் கணினியில் சொருக ஒரே இடம்தான் காலி, அது பென் டிரைவுக்கு வேண்டும். அதனால் அவள் மவுஸை ப்ளூடூத்தில் சேர்க்க நினைத்தான். சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் தன் கணினியிலேயே சேர்த்து ஆட்டிப் பார்த்தான். பிறகு அவள் கணினியில் சேர்த்தான். பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் ஒரு தாள் இருந்தது. அதைப் பெட்டியோடு குப்பையில் போட்டான்.

அந்தத் தாளில் இருந்தது இதுதான். அந்த மவுஸ் ஒரு தடவை சேர்ந்த கணினியை மறக்காது. அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கினால் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவிவிடும்.

பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் மத்தியானம் தவசி ஒரு கல்யாணப் பேனரில் மாப்பிள்ளைப் படத்தைப் பொருத்திக்கொண்டிருந்தான். திரையில் இருந்த அம்பு திடீரென்று அவன் கைக்குக் கட்டுப்படாமல் மேலே ஓடியது. குதித்தது. இரண்டு தடவை எதையோ தட்டியது. பிறகு நின்றுவிட்டது.

வைரஸ் என்று நினைத்தான். அதற்கான மென்பொருளை ஓடவிட்டான். ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாளும் நடந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, பாதி முடிந்த ஒரு வேலை தானாக மூடிக்கொண்டது. அப்போதுதான் அவன் மணியைப் பார்த்தான். இரண்டே கால். யோசித்தான். முன்னே நடந்ததும் இரண்டே கால் வாக்கில்தான். இரண்டே காலுக்கு இந்தக் கடையில் என்ன நடக்கும்? மெர்லின் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து உட்காருவாள்.

அவன் காதைத் தீட்டிக்கொண்டான். அடுத்த நாள் இரண்டே காலுக்கு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் டக் டக் என்று தட்டுகிற சத்தம். அதே நேரம் அவன் திரையில் அம்பு துள்ளியது.

தவசிக்கு ஒன்று நினைவு வந்தது. ஆண்டிபட்டியில் புதுக்கிளை திறக்கப் போவதாகவும், இவர்கள் இரண்டு பேரில் ஒருவரை அங்கே பொறுப்பாக அனுப்பப் போவதாகவும் பவுன்தாய் போன வாரம்தான் சொல்லியிருந்தார். 'அப்ப இதுதானா? என் வேலையக் கெடுத்துட்டு, நான் லாயக்கில்லைனு காட்டப் போறாளா?'

மெர்லினிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று நினைத்தான். எழுந்து போகும்போதெல்லாம் கணினியைப் பூட்டினான். பாஸ்வேர்டை மாற்றினான். அவள் இல்லாத நேரம் அவள் மேசைக்குப் போய் வயர்களைத் தடவிப் பார்த்தான். எந்த வயரும் தடுப்பைத் தாண்டி வரவில்லை. வயர் இல்லாமல் செய்கிறாள் என்றால் இன்னும் பெரிய ஆள்தான் என்று பயம் கூடியது.

மெர்லின் மேசைக்கடியில் தவசி குனிந்திருந்ததை ஒருநாள் அவளே பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. பேனா விழுந்துருச்சு."

அவன் சட்டைப்பையில் பேனா இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அன்று முதல் அவளும் தன் வேலைகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நாலு மணி டீயை இருவரும் சேர்ந்து குடிப்பது நின்றது. டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸை இரண்டு மேசையில் தனித்தனியாக வைத்துவிட்டுப் போனார்.

மெர்லினுக்கும் ஒரு தொல்லை இருந்தது. அணைக்க மறந்துவிடுவதால் அவள் மவுஸில் சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடும். சாப்பிடப் போகும்போது வயரைச் சொருகிவிட்டுப் போவாள். வந்து வயரைப் பிடுங்கினால் சில நாட்களில் அது வேலை செய்யாது. தூங்கிவிட்டது என்று நினைத்து நாலு தட்டு தட்டுவாள், மேசையில் தேய்ப்பாள், திருப்பிப் பார்த்து அடியில் அமுக்குவாள். வந்துவிடும். புது மவுஸின் குணம் இது என்று அவள் பழகிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. முன்பு போல இருந்திருந்தால் தவசியிடம் சொல்லியிருப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் வீரணன் வந்தார். அவருடைய மூன்று வயது மகள் அழகுமீனாவுக்குக் காதுகுத்து. இருபதடி பேனர் கேட்டார்.

"நடுவுல என் மாப்ள ஒச்சு படம் வரணும். தாய்மாமன். எல்லாரையும்விடப் பெருசா வையிங்க தம்பி. என் படம் சின்னதா இருந்தாப் போதும்."

வீரணனும் அவர் மனைவியின் தம்பி ஒச்சுவும் கோயில் திருவிழாவில் வந்த ஒரு பேச்சுக்காக எட்டு மாதம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். வீரணனின் மனைவி பேச்சி அழுது, கெஞ்சி, தம்பியை வரச் சம்மதிக்க வைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. அதனால் அந்தப் பேனர் வெறும் பேனர் இல்லை.

தவசி கவனமாகச் செய்தான். ஒச்சு மீசையோடு, கைகூப்பி, ஆளுயரத்துக்கு மேல் நின்றார். வீரணன் பார்த்து, "இது போதும் தம்பி. மாப்ள மனசு குளுந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் பிரிண்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் தவசிக்கு ஒரு போன் வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் பேசினான். அப்போது மணி இரண்டே கால்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மெர்லின் வயரைப் பிடுங்கினாள். மவுஸ் அசையவில்லை. தட்டினாள், அழுத்திப் பிடித்துத் தேய்த்தாள், திருப்பி அமுக்கினாள். அவள் திரையில் அம்பு வந்துவிட்டது.

தவசி போனை வைத்துவிட்டுத் திரும்பினான். திரையில் பூவும் குடையும் தோரணமுமாக நிறைந்திருந்தது. காலையிலிருந்து பார்த்த படம் என்பதால் அவன் கண் அதன்மேல் நிற்கவில்லை. பிரிண்ட் கொடுத்தான். சாயங்காலம் வந்து பேனர் கட்டியவர்கள் வெளியூர்க்காரர்கள். யார் முகம் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. வீரணன் மண்டபத்துக்குப் பின்னால் சமையல்காரரோடு நின்றுகொண்டிருந்தார், பேனரைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒச்சு சீர்த் தட்டுகளோடு மேளம் வைத்து மண்டபத் தெருவுக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் நாற்பது பேர். மண்டப வாசலில் நிமிர்ந்து பார்த்தார். வீரணன் இருந்தார், வீரணனின் அண்ணன் தம்பிகள் இருந்தார்கள், கட்சிக்காரர் ஒருவர்கூட இருந்தார். நடுவில் ஒரு பெரிய பூக்குடை மட்டும் நின்றது.

ஒச்சு கையை உயர்த்தினார். மேளம் நின்றது.

"எங்கக்கா வீட்டு வாசல்ல என் மூஞ்சிக்கு இடமில்ல. தட்டத் திருப்புங்கடா."

பேச்சி தலைவிரிகோலமாக ஓடிவந்து தம்பியின் கையைப் பிடித்தாள். வீரணன், "மாப்ள, நான் சொல்லித்தான் வச்சாங்க மாப்ள, நடுவுல வச்சாங்க" என்றார்.

"வச்ச படம் நடந்து போயிருச்சா மச்சான்? கூப்பிட்டு வச்சு அசிங்கப்படுத்தணும்னு எட்டு மாசம் காத்திருந்தீங்களா?"

வீரணன் நேரே கடைக்கு ஓடினார். மண்டபத்திலிருந்து இரண்டு தெருதான். கடைக்குள் நுழைந்ததும் தவசியின் சட்டையைப் பிடித்தார்.

"எவன் சொல்லி எங்க மாப்ள படத்த எடுத்த?"

தவசி கணினியைத் திறந்து பார்த்தான். ஒச்சுவின் படம் பேனரின் எல்லைக்கு வெளியே, திரையின் ஓரத்தில் தள்ளிக் கிடந்தது. அவன் நெஞ்சுக்குள் இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது அப்படியே வெளியே வந்தது.

"நான் எடுக்கலண்ணே. இந்தப் பொண்ணு எடுத்துச்சு. மூணு வாரமா என் கம்ப்யூட்டருக்குள்ள பூந்து வேலையக் கெடுக்குது."

மெர்லின் எழுந்து நின்றாள். "நானா? உங்க மேசைக்கே நான் வந்ததில்லையேண்ணே! நீங்கதான் என் மேசைக்கடியில வந்து படுத்துக் கெடந்தீங்க."

பவுன்தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இரண்டு பேர் மேலும் சந்தேகம் வந்தது.

"நேத்து மத்தியானம் என்ன செஞ்சீங்களோ, அத இப்ப என் கண்ணு முன்னால செய்யிங்க. ரெண்டு பேரும். ஒண்ணையும் விடக் கூடாது" என்றார். பிறகு வீரணனைப் பார்த்து, "உங்க மாப்ளையையும் கூட்டிட்டு வாங்க. நீங்க போய்ச் சொன்னா நம்ப மாட்டாரு. அவரே பாக்கட்டும்" என்றார்.

தட்டுகளைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு ஒச்சு வந்தார். என்ன நாடகம் ஆடப் போகிறார்கள் பார்ப்போம் என்றுதான் வந்தார். தவசியின் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தவசி படத்தைப் பழையபடி நடுவில் வைத்தான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பவுன்தாய் மெர்லின் பக்கத்தில் நின்றார். மெர்லின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸை எடுத்தாள், வழக்கம்போலக் கவிழ்த்துப் பிடித்து சார்ஜ் வயரைச் சொருகினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிடுங்கினாள். மேசையில் வைத்தாள். அவள் அம்பு அசையவில்லை. தட்டினாள்.

"நில்லுங்க!" என்று அந்தப் பக்கமிருந்து ஒச்சு கத்தினார். "அசையுது! எவனும் தொடல, அசையுது!"

மெர்லின் பயந்துபோய் கையை இழுத்தாள். பொத்தானை அழுத்தியபடியே இழுத்ததால் மவுஸும் கூடவே வந்தது.

இந்தப் பக்கம் திரையில் ஒச்சு, கூப்பிய கை கூப்பியபடி, பூக்குடையைத் தாண்டி, வீரணனைத் தாண்டி, பேனரை விட்டு வெளியே போனார். நிஜ ஒச்சு வாயைத் திறந்தபடி தன்னைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

பவுன்தாய் அந்த மவுஸை வாங்கித் திருப்பினார். "கவுத்துப் பிடிச்சப்ப உன் விரல் இந்தப் பொத்தான்ல பட்டுச்சு. நான் பார்த்தேன்" என்றார். அமுக்கினார், மெர்லின் திரையில் அம்பு ஓடியது. மறுபடி அமுக்கினார், தவசி திரையில் ஓடியது. "இது ரெண்டு வீட்டுலயும் சோறு தின்னுருக்கு. யாரு சேர்த்து விட்டது?"

தவசி எழுந்து நின்றான். பெட்டியைப் பிரித்த நாள் அவனுக்கு நினைவு வந்துவிட்டது.

"நான்தான்க்கா. மொதல்ல என் கம்ப்யூட்டர்ல சேர்த்துப் பார்த்தேன்."

ஒச்சு முதலில் சிரிக்கவில்லை. தானே அந்தப் பொத்தானை அமுக்கி, தன் படத்தைத் தானே இரண்டு தடவை வெளியே இழுத்துப் பார்த்தார். மூன்றாம் தடவை தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு வீரணன் பக்கம் திரும்பி, "நான் தப்பா நெனச்சுட்டேன் மச்சான்" என்றார். வீரணன் கிட்டே வந்தார். மாப்பிள்ளையின் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டார்.

முழுப் பேனர் அடிக்க நேரமில்லை. ஒச்சுவை மட்டும் ஆறடிக்கு அடித்து, ஈரம் காய்வதற்குள் தவசியே ஏணி போட்டு ஏறிப் பூக்குடையின் மேல் ஒட்டினான். பத்தரைக்கு முன்னால் அழகுமீனா மாமன் மடியில் உட்கார்ந்து வீல் என்று அலறினாள். பேச்சிக்கு அந்த அலறல் மேளத்தைவிட இனிமையாக இருந்தது.

சாயங்காலம் தவசி இரண்டு டீயை வாங்கிக்கொண்டு தடுப்பைத் தாண்டி வந்தான். மெர்லின் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லண்ணே?"

"கேட்டிருக்கணும்மா."

"நாலு பேரு முன்னால திருடி மாதிரி நிக்க வச்சுட்டீங்க."

தவசி தரையைப் பார்த்தான். அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மவுஸை எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இனிமே இதச் சார்ஜுக்குப் போட்டா, அணைச்சு, மல்லாக்கப் படுக்க வச்சுட்டு, உங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்லிட்டுத்தான் போவேன். உங்க பக்கம் அசையுதா இல்லையானு பாத்து நீங்க பதில் சொல்லணும். நீங்க போட்டாலும் அதே மாதிரிதான்" என்றாள். அதற்குப் பிறகுதான் டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

தை மாதம் ஆண்டிபட்டிக் கிளைக்குப் பொறுப்பாக மெர்லின் போனாள். அங்கே தன்னிடம் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் இதையே பழக்கினாள். அவர்கள் வேறு கடைகளுக்குப் போனார்கள். ஒச்சுவோ போகிற விசேஷங்களில் எல்லாம் தன் முகம் நடந்துபோன கதையைச் சொன்னார்.

இன்றைக்கும் அந்தப் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைகளில் மவுஸைச் சார்ஜுக்குப் போடுகிறவர் அதை மல்லாக்கக் கிடத்திவிட்டு, "மவுஸ் படுத்தாச்சு!" என்று குரல் கொடுக்கிறார். பக்கத்து மேசைக்காரர் தன் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "இங்க அசையல!" என்று பதில் சொன்ன பிறகுதான் சாப்பிட எழுந்து போகிறார். ஆறிப்போன அந்த டீயைக் குடித்த சாயங்காலம் தொடங்கியதுதான் இந்த வழக்கம்.