ஓடையில் கிடந்த முகவரி

“யார் குப்பையோ அவன் வாசல்லயே கொண்டுபோய்க் கொட்டுடா! நாளைக்கு அதிகாரி வர்றப்ப ஓடை சுத்தமா இல்லன்னா உனக்கு வேலை இல்ல!”

தூய்மைப் பணியாளர் எசக்கி அண்ணனிடம் இப்படிக் கத்தினவர் ஊராட்சித் தலைவர் தங்கதுரை. சிப்ஸ் கம்பெனி முதலாளியும் அவர்தான். ஓடை முழுக்க சிப்ஸ் பாக்கெட். எவன் தின்னு போட்டான்னு யாருக்குத் தெரியும்?

மறுநாள் ஓடை பளிச்சென்று இருந்தது. தங்கதுரையின் கம்பெனி வாசலில் குப்பை மலை.

“இங்க ஏன்டா கொட்டின?”

“ஒவ்வொரு பாக்கெட்லயும் உங்க பேரும் அட்ரஸும்தானய்யா போட்டிருக்கு!”

ஓடையைப் பார்க்க வந்திருந்த அதிகாரி சிரித்துவிட்டார். “சட்டமும் அதைத்தான் சொல்லுது தலைவரே. தயாரிச்சவர்தான் திரும்ப எடுத்துக்கணும்.”

அதிகாரியின் கார் கிளம்பிப் போனதும் தங்கதுரை தீப்பெட்டியை நீட்டினார். “சட்டுனு கொளுத்துடா!”

“உங்க பொருளைக் கொளுத்த நான் யாருய்யா?” என்றார் அண்ணன். கொளுத்தவே இல்லை.